முன் இருக்கைக்கு ஒரு ஆள்

தமயந்தி அந்தப் பேருந்தை ஓட்டவில்லை என்பது மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். ஒருத்தி தமயந்தி. இன்னொருவன் அந்தப் பேருந்துக்குக் கண்ணும் மூளையும் செய்துகொடுத்த பொறியாளன் தமீம். மூன்றாவது ஆள் கோயம்புத்தூர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த மேலாளர். பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் இடையே தினமும் அதில் ஏறி இறங்கிய சனங்களில் ஒருவருக்கும் தெரியாது.

காக்கிச் சட்டை போட்டு, முடியை இறுக்கி முடிந்துகொண்டு, முன் இருக்கையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பாள். ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஸ்டியரிங் இடமும் வலமுமாகச் சுற்றும். அவள் கைகளும் கூடவே சுற்றும். பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவள்தான் வண்டியை ஒடித்துத் திருப்புகிறாள் என்று தோன்றும். நிஜத்தில் அந்த ஸ்டியரிங்தான் அவள் கைகளைத் திருப்பிக்கொண்டிருந்தது.

'தடம்' என்ற கம்பெனி தானாக ஓடும் பேருந்துகளை மலைக்குக் கொண்டுவந்தபோது முன்னால் ஓட்டுநர் இருக்கையே கிடையாது. சனம் திரண்டு வந்தது. சுற்றிவந்து பார்த்தார்கள், உள்ளே எட்டிப் பார்த்தார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்து முடித்ததும் அடுத்து நின்ற ஜீப்பில் போய் ஏறிக்கொண்டார்கள். ஒரு மாதம் முழுக்க அந்த வண்டிகள் காலியாகவே மலை ஏறி, காலியாகவே இறங்கின.

அப்போதுதான் தமயந்தியைத் தேடி ஆனைமலைக்கு வந்தார்கள். அந்த மலைப்பாதையில் பேருந்து ஓட்டிய முதல் பெண் அவள். மழையோ மூடுபனியோ, யானையே குறுக்கே வந்தாலும், அவள் வண்டியில் ஏறியவர்கள் பத்திரமாக இறங்குவார்கள் என்று அந்த வட்டாரத்தில் ஒரு பேர் இருந்தது. பழைய கம்பெனி மூடியபிறகு வீட்டில் சும்மா இருந்தாள்.

பணிமனையில் தமீம் அவளுக்கு வண்டியைக் காட்டினான். மெலிந்த உடம்பு, பேசும்போது தரையைப் பார்க்கிற பழக்கம். புதிதாகப் பொருத்தியிருந்த ஸ்டியரிங்கை அவள் ஆட்டிப் பார்த்தாள்.

"ஏந்தம்பி, இது எதுல சேந்திருக்குது?"

"எதுலயும் சேரலைங்கக்கா. வண்டி திரும்பறப்ப இதுவும் திரும்பும். நீங்க பிடிச்சிட்டிருந்தாப் போதும்."

"பிரேக்கு?"

"அதுவும் அப்படித்தானுங்க."

"அப்புறம் எனக்கு என்னதான் வேலை?"

தமீம் தரையைப் பார்த்தான். "உக்காந்திருக்கறதுதானுங்க வேலை. உங்களைப் பாத்தா சனம் ஏறும்."

தமயந்தி இருக்கையிலிருந்து எழுந்து படியிறங்கிவிட்டாள். அவன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்கக்கா. மலைக்குக் கொண்டாறதுக்கு முன்னாடி நாங்க ஸ்டியரிங்கை நிஜமாத்தான் வெச்சிருந்தோம். சோதனை ஓட்டத்துல வண்டி தடுமாறுனதெல்லாம், உள்ள உக்காந்திருந்த ஆளு பயந்துபோய்க் கை வெச்சதாலதான். வண்டி பாட்டுக்குச் சரியாப் போயிட்டிருந்தது. அதனாலதான் அதைக் கழட்டிட்டோம்."

"அதையே சனங்ககிட்டச் சொல்லீற வேண்டீதுதானே?"

"சொன்னோமுங்க. யார் ஏறுனாங்க?"

அவள் வீட்டுக்குத் திரும்பினாள். அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வராமல் புரண்டாள். கூட வேலை பார்த்த மாரப்பனின் நினைப்பு வந்தது. நல்ல ஓட்டுநர்தான். ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று முறை வண்டி எடுக்கச் சொன்னார்கள் என்று எடுத்தான். மூன்றாவது முறை ஒரு வளைவில் தூங்கிவிட்டான்; வண்டி பள்ளத்தில் விழுந்தது. பள்ளத்தில் இறங்கி ஆட்களைத் தூக்கியவர்களில் தமயந்தியும் ஒருத்தி. தூங்காத, குடிக்காத, கோபப்படாத ஒரு வண்டியில் சனத்தை ஏற்றிவிட ஒரு முகம்தான் தேவையென்றால், அது தன் முகமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று அவளுக்குப் பட்டது.

மறுவாரமே காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வண்டியின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்: 'இயந்திரம் துணை, பொறுப்பு ஓட்டுநருடையது.' முதல் பாதியைப் படித்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் பாதியைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

சனம் ஏறியது. முதலில் நாலைந்து பேர், பிறகு நிற்க இடமில்லாத கூட்டம். வண்டி நன்றாகத்தான் ஓடியது. தன்னைவிட நன்றாக ஓட்டியது என்பதை அவள் மனதுக்குள் ஒத்துக்கொண்டாள். வளைவுகளில் குலுங்காது. எதிரே வருகிற வண்டிக்கு எங்கே ஒதுங்க வேண்டுமோ அங்கே முன்கூட்டியே ஒதுங்கி நிற்கும். மூன்று வருடத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. பிள்ளைத்தாய்ச்சிகளை அவளுக்கு நேர்பின்னால் உட்காரவைப்பார்கள். கல்லூரிக்குத் தனியாகப் போகிற பெண்களை, "அக்கா வண்டியிலயே போயிட்டு வந்துரு" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள்.

கனகமணி என்று ஒருத்தி. வால்பாறை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தாள். வாரம் ஒருமுறை துணியெடுக்கப் பொள்ளாச்சி வருவாள். மலைப்பாதை என்றாலே அவளுக்குப் பயம். எப்போதும் இடதுபக்க முதல் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு தமயந்தியின் கைகளையே பார்த்துக்கொண்டு வருவாள்.

"மெசினு கிசினெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கக்கா. நீங்க உக்காந்திருக்கறீங்களா, ஏறுவேன். இல்லீன்னா அடுத்த வண்டிதான்" என்பாள்.

தமயந்தி சிரித்துவைப்பாள். முதல் சில மாதம் அந்தச் சிரிப்பு உறுத்தியது. போகப்போக அதுவும் காக்கிச் சட்டை மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டது.

அன்று காலை அட்டகட்டிக்கு மேலே மூடுபனி இறங்கியிருந்தது. தூறல் வேறு. வண்டி தன் வழக்கப்படி விளக்குகளைப் போட்டுக்கொண்டு நிதானமாக ஏறியது. ஒரு வளைவு முடிந்து சாலை கொஞ்ச தூரம் நேராக ஓடும் இடம். இடதுபக்க ஓரத்தில் நீலத் தார்ப்பாய் போர்த்திய ஒரு குவியல் தெரிந்தது.

பார்த்த மாத்திரத்தில் அது ஆள் என்று தமயந்திக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். தார்ப்பாய் மூச்சுவிடுகிற மாதிரி லேசாக ஏறி இறங்கியது என்று சொன்னாள். அது நிஜமா, பின்னால் மனம் சேர்த்துக்கொண்டதா என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஆள் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

வண்டி வேகத்தைக் குறைக்கவில்லை.

அவள் பிரேக்கை மிதித்தாள். மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழு பலத்தோடு இழுத்தாள். கொஞ்சம் அசைந்துகொடுத்துவிட்டு, பிறகு அது அவள் கைகளைத் தன் வழிக்கே மெதுவாக இழுத்துக்கொண்டது. "ஏய், ஏய்!" என்று கத்தினாள். யாரைப் பார்த்துக் கத்தினாள், வண்டியையா, வெளியே இருந்த ஆளையா, அவளுக்கே தெரியாது.

தார்ப்பாய்க்குள் இருந்தவள் ஜெபசீலி. பக்கத்து எஸ்டேட்டில் தேயிலை பறிக்கிறவள். தூறலுக்குத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கியெறியக் குந்தி உட்கார்ந்திருந்தவள், சத்தம் கேட்டு எழுந்து, திரும்பி, ஒரு எட்டு சாலைப் பக்கமாக வைத்தாள். கண்ணாடி வழியாக இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

இடித்த மறுகணம் வண்டி தானாக நின்றது. எல்லா விளக்குகளும் மினுக்கத் தொடங்கின. பதறாத ஒரு பெண் குரல், "பயணிகள் அமைதியாக இருக்கவும். உதவிக்குத் தகவல் அனுப்பப்பட்டுள்ளது" என்றது.

சனம் இறங்கி ஓடியது. ஜெபசீலிக்கு உயிர் இருந்தது. வலதுகால் முட்டிக்குக் கீழே நசுங்கிவிட்டது. தமயந்தி காக்கிச் சட்டைக்கு மேல் போட்டிருந்த துப்பட்டாவை உருவி இறுக்கிக் கட்டினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தூறலில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் கனகமணி மற்றவர்களிடம் அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது:

"நான் பாத்துட்டேதான் இருந்தேனுங்க. அக்கா எப்படி ஒடிச்சாங்க தெரியுமா! அவங்க மட்டும் ஒடிக்கலீன்னா அந்தப் பொண்ணு மேலயே ஏறியிருக்கும்."

இரண்டு நாள் கழித்து, பொள்ளாச்சியில் ஜெபசீலியைச் சேர்த்திருந்த மருத்துவமனைக்கு எதிரே ஒரு டீக்கடையில் தமீம் காத்திருந்தான். கண்கள் சிவந்து கிடந்தன. தமயந்தியைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"வண்டி அவளைப் பாக்கவே இல்லையா தம்பி?" அவள் உட்காருவதற்கு முன்னாலேயே கேட்டாள்.

"பாத்துச்சுங்கக்கா. பாத்துட்டு மூட்டைன்னு முடிவு பண்ணிருச்சு. இந்த ரோட்டுல எந்நேரமும் உர மூட்டை, தழை மூட்டைன்னு ஓரத்துல கிடக்குது. மூணு வருசமா அதையே பாத்துப்பாத்து, தார்ப்பாய் போத்தி அசையாம இருந்தா மூட்டைதான்னு அதுவாப் பழகிக்கிச்சு. தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சிட்டேன். சரி பண்ணிருவேன். இனி எந்த வண்டியும் இந்தத் தப்பைப் பண்ணாது."

"சரி பண்ணு. அதுக்கு எதுக்கு என்னைக் கூப்பிட்டே?"

தமீம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தான்.

"விசாரணைக்கு ஒரு அதிகாரியம்மா வர்றாங்க. அந்த நேரத்துல வண்டியை நீங்க கையில எடுத்துட்டீங்கன்னு... நீங்க சொல்லணுமுங்க."

தமயந்தி எதிரே இருந்த டீ கிளாஸைத் தள்ளிவைத்தாள்.

"மேலாளர் சொல்லச் சொன்னார்தான். ஆனா நான் கம்பெனிக்காகக் கேக்கலைக்கா. யோசிச்சுப் பாருங்க. ஒரு டிரைவர் இடிச்சா, அந்த டிரைவர் சரியில்லைன்னு சொல்லிட்டு சனம் அடுத்த வண்டியில ஏறிக்கும். ஒரு மெசின் இடிச்சா, மெசினே ஆகாதும்பாங்க. நாளைக்கு ஒருத்தரும் ஏற மாட்டாங்க. ஜீப்புலதான் போவாங்க. பத்து பேர் ஏற வேண்டிய ஜீப்புல இருபது பேர் தொங்கிட்டு. நம்ம பஸ் வர்றதுக்கு முன்னாடி இந்த மலையில எத்தனை பேர் செத்தாங்கன்னு எனக்குச் சொன்னதே நீங்கதான்."

"இதுக்குத்தான் என்னை அந்தச் சீட்டுல உக்கார வெச்சீங்களா?"

"இல்லைங்கக்கா. சத்தியமா அப்ப இதை நினைக்கவேயில்லை."

அவள் நம்பினாள். அவனுக்குப் பொய் வராது. அவன் சொன்னதிலும் ஒரு பொய் இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. முகத்துக்கு நேரே அக்கிரமம் பேசியிருந்தால் டீ கிளாஸை விட்டெறிந்துவிட்டுப் போயிருப்பாள்.

"நான் பாத்துச் சொல்றேன்" என்று எழுந்து சாலையைக் கடந்தாள்.

ஜெபசீலி விழித்துத்தான் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். போர்வை ஒரு இடத்தில் மேடாக இருந்து, அடுத்த இடத்தில் சட்டென்று தட்டையாகிக் கிடந்தது. துணைக்கு இருந்த அவள் தங்கை சாப்பாடு வாங்கப் போயிருந்தாள்.

"நீங்கதான டிரைவரு?"

"ஆமா கண்ணு." உட்கார்ந்த பிறகு, "இல்ல" என்றாள் தமயந்தி.

ஒன்றுவிடாமல் சொன்னாள். ஸ்டியரிங் எதிலும் சேராதது, பிரேக் பஞ்சாக இறங்கியது, மூட்டை என்று வண்டி நினைத்தது. ஜெபசீலி குறுக்கே பேசாமல் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மயக்கம் தெளிஞ்சதுல இருந்து உங்களத்தான்க்கா திட்டிக்கிட்டுக் கெடந்தேன். வாய்க்கு வந்தபடி. கடைசியாப் பாத்தது உங்க மூஞ்சிதான. வலி வர்றப்பல்லாம் அந்த மூஞ்சியத் திட்டுனா கொஞ்சம் தாங்கிக்கலாம்போல இருந்துச்சு. இப்ப அதையும் புடுங்கிட்டீங்க. இனிமே நான் யாரத் திட்டுறது?"

"என்னையவே திட்டு சாமி."

"உங்கள எப்படித் திட்டுறது? நீங்களும் என்னைய மாதிரிதான பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

தமீம் கேட்டதையும் தமயந்தி சொன்னாள். தான் இடித்ததாகச் சொன்னால் பேருந்துகள் ஓடும், உண்மையைச் சொன்னால் நின்றுவிடும் என்றாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நான் ஆளுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுச்சுல்ல?"

"தெரிஞ்சுது."

"இடிக்கிறதுக்கு முன்னாடியே?"

"முன்னாடியே."

"அப்ப நிறுத்துறதுக்கு ஏதாச்சும் ஒண்ணு உங்க கையில இருந்திருக்கணும்ல?" என்றாள் ஜெபசீலி. குரலில் கோபம்கூட இல்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

விசாரணைக்கு வந்த அதிகாரியம்மாள் அதிகம் பேசாதவர். விபத்து நடந்த அன்று வண்டியில் இருந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு, அதே பாதையில், அதே ஓட்டுநர் இருக்க, ஒருமுறை போய்வர வேண்டும் என்றார். கனகமணியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வந்தார்கள். மேலாளர் கோயம்புத்தூரிலிருந்து வந்து அதிகாரியம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தமீம் கடைசி வரிசையில்.

நல்ல வெயில் அன்று. கீழே ஆழியாறு அணை தகதகவென்று கிடந்தது. வண்டி நிதானமாக ஏறியது. வரையாடுகள் நிற்கிற வளைவை நெருங்கும்போது அதிகாரியம்மாள், "அன்னைக்கு நீங்க எந்த நேரத்துல வண்டியை உங்க கட்டுப்பாட்டுக்கு எடுத்தீங்க?" என்று கேட்டார்.

தமயந்தி ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தாள். எழுந்தாள். இருக்கையை விட்டு வெளியே வந்து, மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்துவந்தாள்.

யாரோ வீறிட்டார்கள். ஒருவர் முன்னிருக்கையை நோக்கிப் பாய்ந்தார். முன்னால், ஆள் இல்லாத இருக்கைக்கு எதிரே, ஸ்டியரிங் தானாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆகாயம். வண்டி அலுங்காமல் குலுங்காமல் வளைவில் திரும்பி மேலேறியது. பாய்ந்தவர் பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டார்.

"இதுதானுங்கம்மா நான் மூணு வருசமா ஓட்டுன வண்டி" என்றாள் தமயந்தி. "அன்னைக்கும் நான் எதையும் கையில எடுக்கலீங்க. எடுக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்லீங்க."

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரியம்மாள் கையை உயர்த்தி நிறுத்தினார். கடைசி வரிசையில் தமீம் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவன் மறுக்கவில்லை.

"அப்ப நீங்க ஓட்டவே இல்லீங்களா?" கனகமணி கேட்டாள்.

"இல்லீங்க கனகு."

"ஒருநாளும்?"

"ஒருநாளும் இல்லீங்க."

கனகமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வால்பாறையில் இறங்கும்போது படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"மெசின்தான் ஓட்டுதுன்னு சொல்லியிருந்தா, பயந்து பயந்தாவது ஒருநாள் ஏறியிருப்பேன். அது இடிச்சுதுன்னாலும் மனசு ஆறிப்போகும். ஆனா நான் உங்களை நம்பியில்ல ஏறுனேன்."

தமயந்திக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. கம்பெனி அவளை வேலையை விட்டு அனுப்பியதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. ஆனைமலைக் கடைவீதியில் எதிரே வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பிள்ளைத்தாய்ச்சி மகளை அவள் பின்னால் உட்காரவைத்த ஒரு தகப்பன் அவள் வீட்டு வாசல்வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

தமீம் சொன்னபடியே நடந்தது. பேருந்துகள் பணிமனையில் நின்றன. மலைக்கு மறுபடி ஜீப்புகள் ஓடின. மழைக்காலத்தில் ஒரு ஜீப் உருண்டு, படிக்கிற பெண்கள் இரண்டு பேர் செத்துப்போனார்கள். செய்தி வந்த அன்று தமீம் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"திட்டறதுன்னாத் திட்டிரு தம்பி."

"திட்டறதுக்குக் கூப்பிடலைங்கக்கா. நீங்க தனியா இருப்பீங்கன்னு தோணுச்சு" என்றான்.

தமயந்தி அந்த இரண்டு பெண்களின் படங்களையும் செய்தியில் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தாள். பள்ளத்தில் இறங்க இந்தமுறை அவளை யாரும் கூப்பிடவில்லை.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் வால்பாறையில் ஒரு கூட்டம் போட்டார்கள். என்ன செய்தால் நீங்கள் மறுபடி பேருந்தில் ஏறுவீர்கள் என்று கம்பெனிக்காரர்கள் சனங்களைக் கேட்டார்கள். மெசினில் என்னவெல்லாம் திருத்தியிருக்கிறோம் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். எல்லாம் முடிந்தபிறகு கனகமணி எழுந்தாளாம். தமீம் அதைப் பிற்பாடு தமயந்தியிடம் சொன்னான்.

"அந்தத் தையல்காரம்மா கேட்டாங்கக்கா: 'நாங்க நம்பறவங்களை உக்கார வெச்சு எங்களை ஏமாத்துனீங்க. இனி இந்த வண்டியை நம்பாத ஒருத்தரை முன்னாடி உக்கார வைங்க. கையில நிஜமாலுமே ஒரு பிரேக்கைக் குடுங்க. அவங்க ஏறுனா நாங்களும் ஏறறோம்'னு. மேலாளர் சிரிச்சார். சனம் சிரிக்கலை."

"மனுசன் கை வெச்சா வண்டி தடுமாறும்னியே?"

"திருப்பறதுக்குத் தரமாட்டோம். நிறுத்தறதுக்கு மட்டும். சும்மா சும்மா நிறுத்தி நேரமாகும். ஆனா நின்ன வண்டி யாரையும் இடிக்காதுங்களே." கொஞ்சம் தயங்கினான். "ஒருநாள் வந்து பாருங்கக்கா. பஸ் மறுபடி ஓடுது."

அவள் உடனே போகவில்லை. கார்த்திகை மாதம், மழை ஓய்ந்த ஒரு காலையில்தான் பொள்ளாச்சிப் பேருந்து நிலையத்துக்குப் போனாள். காக்கி இல்லாமல், ஒரு சாதாரண நூல் சேலையில், டிக்கெட் எடுத்த பயணியாக.

வண்டியின் பக்கவாட்டில் பழைய வாசகத்தை அழித்திருந்தார்கள். புதிதாக எதையும் எழுதவில்லை. உள்ளே ஸ்டியரிங் இல்லை. முன்னால் ஒரே ஒரு இருக்கை, அதன் வலப்பக்கம் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு சிவப்புக் கைப்பிடி. இருக்கையில் இருந்த பெண்ணின் புடவைக் கரைக்குக் கீழே ஒரு காலில் செருப்பும், இன்னொன்றில் பிளாஸ்டிக் பாதமும் தெரிந்தன. தமயந்தி படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏறுங்கக்கா. வழில நிக்காதீங்க" என்றாள் ஜெபசீலி.

"நீயா கண்ணு?"

"மலையேறிக் கொழுந்து பறிக்க இனி ஆகாது. அந்தத் தையக்காரம்மா வீட்டுக்கு வந்து கேட்டாங்க. இந்த வண்டிய என்னைய விட நம்பாத ஆளு இந்த மலையில யாரு இருக்கான்னு." அவள் சிரிக்கவில்லை. "முதல்ல மாட்டேன்னுதான் சொன்னேன்."

"பயமா இல்லையா?"

"இருக்கே. தெனமும் இருக்கு. பயப்படுறதுக்குத்தானக்கா சம்பளம் தர்றாங்க." சொல்லிவிட்டு முன்கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். "வண்டி கெளம்பப் போகுது. இனி நான் யாரோடவும் பேச மாட்டேன். போய் உக்காருங்க."

வண்டி நிரம்பியிருந்தது. தமயந்தியைக் கண்டதும் பேச்சு அடங்கியது. சிலர் வெளியே பார்த்தார்கள். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள். வண்டி ஆழியாறு தாண்டி மலையில் ஏறத் தொடங்கியது. இரண்டாவது வளைவிலேயே ஜெபசீலி கைப்பிடியை இழுத்தாள். வண்டி நின்றது. புல்லுக்குள் ஏதோ அசைந்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வெறும் குரங்கு. அது தாவி ஓடியபிறகு கைப்பிடியை விட்டாள். பின்னால் ஒருவர், "இந்தப் பொண்ணு நிழலைக் கண்டாலும் நிறுத்தீருமுங்க. அரை மணி நேரம் சேத்தித்தான் ஆகும்" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். குரலில் சலிப்பு இருந்தது. அந்தச் சலிப்பிலேயே ஒரு நிம்மதியும் இருந்ததைத் தமயந்தி கவனித்தாள். மூன்று வருடம் அவள் முதுகுக்குப் பின்னால் கேட்ட நிம்மதி இப்படிப்பட்டது இல்லை.

அவளுக்கு இடப்பக்கத்தில் ஒரு துணிப்பை நகர்ந்தது. கனகமணி அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், "உக்காருங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

தமயந்தி உட்கார்ந்தாள். கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. அவற்றை என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. முன்னால் ஜெபசீலியின் பின்தலை அசையாமல் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அது மட்டும் சாலையின் ஓரத்தை நோக்கித் திரும்பியது. ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று வந்தது. தைல மரங்களின் வாசம் அடித்தது. தமயந்தி வளைவுகளை எண்ணத் தொடங்கினாள், பிறகு விட்டுவிட்டாள்.

எந்த இடத்தில் கண் அயர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கனகமணி தோளைத் தட்டி எழுப்பியபோது வால்பாறை வந்திருந்தது.